வித்தை இழந்த நுண்ணுயிர்கள்

பஞ்சத்தைக் கடப்பதற்கென்றே அமைந்த ஓர் ஆற்றல், பஞ்சமே வாராத இடத்தில் வாழ நேர்ந்தால் என்ன ஆகும்? பயனின்றிக் கிடந்தாலும் உடைமையாக நிலைத்திருக்குமா? அன்றி, சிறுகச் சிறுக மறைந்து போகுமா? தத்துவ வினாப்போலத் தோன்றும் இதற்கு ஆய்வுக்கூடத்திலேயே விடை காண முடியும். கண்ணுக்குப் புலப்படாத பாக்டீரியா என்னும் நுண்ணுயிர்கள் அவ்விடையைத் தருகின்றன. அவை ஒரே நாளில் பல தலைமுறைகளைக் கடக்கின்றன. ஆதலின், பெரிய உயிர்களிடம் பல்லாயிரம் ஆண்டுகளில் நிகழக்கூடிய மாற்றத்தை அவற்றிடம் சில திங்களிலேயே காணலாம்.

மண்ணில் வாழும் சில பாக்டீரியாக்கள், உணவு அற்றுப்போன காலத்தில் தம்மை வித்தாக மாற்றிக்கொண்டு உறங்கும் ஆற்றல் உடையவை. அவற்றை ஒரு கலத்தில் இட்டு, இடைவிடாமல் உணவூட்டி, நெடுநாள் வளர்த்துவந்தால், வித்தாகும் ஆற்றல் அக்கூட்டத்தை விட்டு நீங்கிவிடக் காணலாம். அதன்பின் உணவை நிறுத்தினாலும் அவை வித்தாவதில்லை, மாண்டுபோகின்றன. இவ்விழப்பு ஆலைகளைத் தொல்லைப்படுத்தியிருக்கிறது. ஆய்வாளர்க்கு அரிய பாடமாகவும் அமைந்திருக்கிறது.

வித்து என்பது யாது?

ஸ்போர் என்று உயிர்நூலார் வழங்கும் பொருளைத் தமிழ் நூல்கள் சிதல், வித்து, வித்தி எனப் பலவாறு குறிக்கும். இங்கு வித்து என்ற சொல்லே ஆளப்படுகிறது. ஆயினும் ஒரு வேறுபாட்டை மனத்திற் கொள்ளல் வேண்டும். ஆலம்பழம் ஒன்றனுள் எண்ணற்ற வித்துக்கள் உள; அவை மரத்தின் இனத்தைப் பெருக்குவன. பாக்டீரியாவிலோ ஓர் உயிரணு ஒரே ஒரு வித்தைத்தான் ஆக்குகிறது. வித்து முளைத்தால் மீண்டும் ஓர் உயிரணுவே தோன்றுகிறது. எனவே, இது பெருகுவதற்கான வித்து அன்று, பிழைப்பதற்கான வித்து.

1876-ஆம் ஆண்டில் செர்மானிய அறிஞர் இருவர் இவ்வித்துக்களை விளக்கினர். ஃபெர்டினாண்டு கோன் என்பார் வைக்கோல் ஊறிய நீரில் வளரும் பாசில்லஸ் சப்டிலிஸ் என்னும் பாக்டீரியாவின் வித்துக்களை ஆராய்ந்தார். கால்நடைகளைக் கொல்லும் ஆந்த்ராக்சு நோயின் கிருமியும் வித்தாக மாறி மண்ணில் கிடக்கும் என்பதை ராபர்ட் காக் மெய்ப்பித்தார். நோயுற்ற மாடு மடிந்த மேய்ச்சல் நிலத்தில் பல ஆண்டு கழித்தும் அந்நோய் மீண்டும் தலைகாட்டுவதன் மருமம் இவ்வாறு வெளிப்பட்டது.

வித்தாகும் முறை வியக்கத்தக்கது. உணவு குறைந்ததை உணர்ந்த உயிரணு, வழக்கம்போல் நடுவே பிளவுபடாமல் ஓர் ஓரத்தில் குறுக்குச் சுவர் எழுப்புகிறது. அதனால் பெரும்பகுதி ஒன்றும் சிறுபகுதி ஒன்றும் உண்டாகின்றன. பெரும்பகுதி சிறுபகுதியைத் தன்னுள் விழுங்கிக் கொள்கிறது; பின் அதனைச் சுற்றி உறைமேல் உறையாகப் போர்த்துகிறது. உள்ளிருக்கும் நீர் பெரிதும் குறைகிறது. கால்சியமும் டைபிக்கோலினிக் அமிலமும் நிறைகின்றன. பணி முடிந்ததும் பெரும்பகுதி சிதைந்து போக, வித்து வெளிப்படுகிறது. தாய் தன்னைக் கொடுத்துச் சேயைக் காக்கும் செயல் இது எனலாம். பாசில்லஸ் சப்டிலிஸில் இவ்வேலை முடிய 37 பாகை வெப்பநிலையில் ஏறத்தாழ 8 மணி நேரம் ஆகும். சில நூறு மரபணுக்கள் இதற்கெனவே ஒன்றன்பின் ஒன்றாக இயங்குகின்றன.

இங்ஙனம் ஆக்கிய வித்து எளிதில் அழியாது. சாதாரண உயிரணுவைச் சில நிமிடங்களில் கொல்லும் 80 பாகை வெப்பத்தை அது தாங்கும். பலவகை வித்துக்கள் கொதிநீரையும் ஓரளவு பொறுத்துக்கொள்ளும். அதனால்தான் உணவை டின்னில் அடைப்போர், கொதிநிலைக்கு மேற்பட்ட 121 பாகை வெப்பத்தை நீராவி அழுத்தத்தின் துணைகொண்டு உண்டாக்குகின்றனர்.

இடையறா உணவு

பாக்டீரியாவை வளர்க்கும் பழைய முறை எளியது. குடுவையில் ஊட்டநீரை நிரப்பிச் சிறிதளவு பாக்டீரியாவை இடுவர். அது பெருகும், உணவைத் தின்று தீர்க்கும், பின்னர் வளர்ச்சி நின்றுவிடும். வித்தாக்கும் இனமாயின் அந்நிலையில் வித்தாகிவிடும். பெருக்கமும் பஞ்சமும் மாறி மாறி வரும் முறை இது.

1950-ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டு ஜாக் மோனோவும், அமெரிக்காவில் ஆரன் நோவிக், லியோ சிலார்டு ஆகிய இருவரும் தனித்தனியே வேறொரு முறையை வெளியிட்டனர். அதுவே தொடர்வளர்ப்பு. இதில் கலத்தின் ஒருபுறம் புதிய ஊட்டநீர் ஓயாமல் சொட்டிக்கொண்டிருக்கும். அதே அளவு நீர், பாக்டீரியாவோடு கூட, மறுபுறம் வடிந்துகொண்டிருக்கும். கலத்தின் கொள்ளளவு மாறாது. வடிவதனால் இழக்கும் அளவைப் பாக்டீரியாக்கள் பெருகி ஈடுசெய்கின்றன. அவ்வாறு ஈடுசெய்ய இயலாதவை கலத்தை விட்டே அகன்றுபோகும்.

எடுத்துக்காட்டாக, ஒரு லிட்டர் கொண்ட கலத்தில் மணிக்கு 200 மில்லிலிட்டர் ஊட்டநீர் பாய்வதாகக் கொள்ளலாம். அந்நிலையில் பாக்டீரியாக்கள் ஏறத்தாழ மூன்றரை மணிக்கு ஒரு முறை இரட்டிக்க வேண்டும். நாளொன்றுக்கு ஏழு தலைமுறைகள் கடக்கும். கலத்தைத் தூய்மையாகப் பேணினால் திங்கட் கணக்கில் இவ்வாறே ஓட்டலாம்.

இங்கே கருதத்தக்க நுட்பம் ஒன்று உண்டு. தொடர்வளர்ப்பில் உணவு தடையின்றிக் கிடைக்கும் என்பது உண்மையே. ஆனால் வயிறு நிறையக் கிடைப்பதில்லை. ஊட்டநீரிலுள்ள ஏதேனும் ஒரு பொருளை, சர்க்கரை போன்றதை, அளவோடு வைத்தே வளர்ச்சியைக் கட்டுப்படுத்துகின்றனர். ஆகவே, கலத்திலுள்ள பாக்டீரியா எப்பொழுதும் அரைவயிற்றுடன் வாழ்கிறது. பட்டினியோ ஒருநாளும் வருவதில்லை. உணவுக்குறைவை உணரும் உயிரணுக்களில் ஒரு பங்கு, இனிப் பஞ்சம் வரும் என்று கருதினாற்போல வித்தாகத் தொடங்குகிறது. 1970-இல் டாஸ், மாண்டல்ஸ்டாம் என்னும் ஆய்வாளர் இருவர், தொடர்வளர்ப்பிலும் பாசில்லஸ் சப்டிலிஸ் வித்தாக்குவதையும், வளர்ச்சி மெதுவாக மெதுவாக வித்தாகும் பங்கு மிகுவதையும் காட்டினர். வாராத பஞ்சத்திற்கு அஞ்சும் இச்செயலே இழப்பிற்கு வழி திறக்கிறது.

விதைநெல் சேர்த்தவனும் சேர்க்காதவனும்

ஓர் ஊரில் இரண்டு உழவர் குடும்பங்கள் இருப்பதாகக் கொள்வோர், இதனை எளிதில் உணரலாம். ஒரு குடும்பம் ஒவ்வோர் அறுவடையிலும் ஒரு பங்கைப் பஞ்சத்திற்கென்று குதிரில் இட்டுப் பூட்டுகிறது. மற்றொன்று முழுவதையும் மறுபடி விதைத்துவிடுகிறது. மழை பொய்க்கும் ஆண்டில் முதற்குடும்பமே மிஞ்சும். ஆனால் மழை பொய்க்காத ஊரில், ஆண்டுதோறும் இரண்டாங் குடும்பத்தின் விளைச்சலே மிகும். கலத்தினுள் நிகழ்வதும் இதுவே. அன்றியும் அக்கலத்தில் குதிருக்கும் காவல் இல்லை; வடிகால் அதனையும் அடித்துச் செல்கிறது.

மேற்கூறிய கலத்தில் வித்தாகத் தொடங்கிய உயிரணு எட்டு மணி நேரம் பிளவுபடாமல் இருக்கிறது. அவ்வெட்டு மணிக்குள் கலத்து நீர் பெரும்பாலும் மாறிவிடும். கணக்கிட்டால், அத்தகைய உயிரணுக்களில் ஐந்தில் நான்கு, வித்து முதிரும் முன்பே வடிந்து போயிருக்கும். எஞ்சியவை வித்தாயினும், வித்து பெருகாததால், முளைக்காதவை பின்னர் வடிந்துவிடும்.

இந்நிலையில், வித்தாகத் தொடங்கும் இயல்பையே இழந்த ஓர் உயிரணு தோன்றினால் அதன் வழித்தோன்றல்கள் ஒருபோதும் நின்று காலங்கழிக்கா. அத்தகைய உயிரணுவுக்காக நெடுங்காலம் காத்திருக்க வேண்டுவதும் இல்லை. மரபணுக்களைப் படியெடுக்கும்போது எங்கேனும் பிழை நேர்வது இயற்கை. ஒரு குறிப்பிட்ட மரபணு பழுதாவது பல லட்சம் பிளவுகளில் ஒருமுறை நேரும் அருமையான நிகழ்ச்சிதான். ஆயினும் ஒரு லிட்டர் கலத்தில் லட்சம் கோடி உயிரணுக்கள் வாழக்கூடும். அவ்வளவு பெரிய கூட்டத்தில் பழுதான உயிரணுக்கள் சில எப்பொழுதும் இருக்கவே செய்யும்.

வித்தாகும் இனத்தில் தலைமுறைதோறும் நூற்றுக்கு ஐந்து உயிரணுக்கள் வித்தாகப் புறப்பட்டு வடிந்துபோகின்றன என்று வைத்துக்கொண்டு கணக்கிடலாம். வித்தாகாதவை தொடக்கத்தில் கோடியில் ஒன்றாக இருப்பினும், 314 தலைமுறைகளில் அவை மற்றவற்றுக்குச் சமமாகிவிடும். நாளுக்கு ஏழு தலைமுறை என்றால் இதற்கு 45 நாட்களே ஆகும். அடுத்த 45 நாட்களில் நிலைமை தலைகீழாகும். அப்போது வித்தாகும் உயிரணுவே கோடியில் ஒன்றாக நிற்கும். முதல் முப்பது நாள் கலத்தைப் பார்ப்பவர் எந்த வேறுபாட்டையும் காணார். நீர் அதே கலங்கலோடு இருக்கும். உயிரணுக்களின் தொகையும் குறையாது. மாற்றம் வெளியே தெரியும்பொழுது அது முற்றுப்பெறும் நிலையை எட்டியிருக்கும்.

மறதி என்பது பொருந்துமா?

நெடுநாள் வித்தாகாமையால் பாக்டீரியா வித்தாகும் வழியை மறந்துவிட்டது என்று கூறத் தோன்றும். பயன்படுத்தாத உறுப்புத் தேயும் என்ற பழைய கொள்கையை நினைவூட்டும் கூற்று அது. பிரான்சு நாட்டு லாமார்க்கு என்பார் 1809-இல் வெளியிட்ட நூலில் அக்கொள்கையை வற்புறுத்தினார். வகுப்பறையில் மாணவர்க்கு உயிரின் மாற்றத்தை விளக்கும்போதும் இவ்வகைச் சொற்கள் தாமாகவே வந்து விழுகின்றன.

தொடர்வளர்ப்பில் நிகழ்வது அதுவன்று. எந்தத் தனி உயிரணுவும் எதையும் மறப்பதில்லை. வித்தாகும் ஆற்றல் உடைய உயிரணு, கடைசிவரை அவ்வாற்றலோடுதான் வடிந்து செல்கிறது. அதன் இடத்தை அவ்வாற்றல் இல்லாத வேறொன்று நிரப்புகிறது. மாறியது கூட்டத்தின் சேர்க்கை; தனி உயிரின் பழக்கம் அன்று. இவ்வேறுபாட்டை உணர்ந்தாலன்றி, இழப்பைத் தடுக்கும் வழி புலப்படாது. மறதியே நோயாயின் பயிற்சி மருந்தாகும். அவ்வப்போது சிறிது பட்டினி போட்டாற் போதும் என்று தோன்றும். ஆனால் வித்தாகாதவை கலத்தில் இருக்கும்வரை, பட்டினி மட்டும் அவற்றை நீக்கிவிடாது. அவற்றைக் களைந்தெறியும் சோதனை ஒன்று வேண்டும்.

வைஸ்மான் கையாண்ட வெப்பச் சோதனை

அச்சோதனையை, அதன் உட்காரணம் அறியப்படும் முன்பே, ஆலைத்தொழில் கண்டுபிடித்துவிட்டது. இங்கிலாந்தின் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் வேதியியல் பணியாற்றிய ஹைம் வைஸ்மான், மாவுப்பொருளை அசிட்டோன், பியூட்டனால் என்னும் கரைப்பான்களாக மாற்றும் பாக்டீரியா ஒன்றைத் தேர்ந்தெடுத்தார். பிற்காலத்தில் இஸ்ரேல் நாட்டின் முதற் குடியரசுத் தலைவராக விளங்கியவர் இவரே. அப்பாக்டீரியாவுக்குக் கிளாஸ்டிரிடியம் அசிட்டோபியூட்டிலிக்கம் என்று பெயர். 1914-இல் முதல் உலகப்போர் மூண்டதும், கார்டைட் என்னும் வெடிமருந்து செய்ய அசிட்டோன் மிகுதியாகத் தேவைப்பட்டது. வைஸ்மானின் முறை 1915-இல் காப்புரிமை பெற்றது. சோளத்தை ஊறவிட்டுக் காய்ச்சிய கூழில் இந்தப் பாக்டீரியாவை வளர்த்து, இங்கிலாந்திலும், பின்னர்க் கனடாவின் டொரான்டோ நகரிலும், அமெரிக்காவின் டெர் ஹோட் நகரிலும் அசிட்டோன் ஆக்கினர்.

இந்தப் பாக்டீரியாவின் வாழ்வில் இரண்டு கட்டங்கள் உள்ளன. முதற்கட்டத்தில் அது விரைந்து பெருகி, அசெட்டிக் அமிலமும் பியூட்டிரிக் அமிலமும் வெளியிடுகிறது. புளிப்பு மிகுந்து தனக்கே கேடாகும் நிலையில், அவ்வமிலங்களை மீண்டும் உட்கொண்டு அசிட்டோனாகவும் பியூட்டனாலாகவும் மாற்றுகிறது. அதே வேளையில் வித்தாகவும் தொடங்குகிறது.

தொல்லை இங்கேதான் எழுந்தது. வளரும் உயிரணுக்களையே ஒரு கலத்திலிருந்து மறு கலத்திற்கு மாற்றி மாற்றி வளர்த்தால், நாளடைவில் கூழில் அமிலம் மட்டுமே நின்றது, கரைப்பான் உண்டாகவில்லை. வித்துக்களும் காணப்படவில்லை. இந்நிலையைச் சீரழிவு என்றே தொழில்வல்லார் அழைத்தனர். சீரழிந்த வளர்ப்பை இட்ட கலத்திலிருந்து புளித்த கூழைத்தவிர வேறொன்றும் கிடையாது. குட்செனோக், ஆஷ்னர் என்னும் இருவர் 1952-இல் இத்தகைய சீரழிவைத் தனியே எடுத்து ஆராய்ந்து எழுதினர்.

வைஸ்மான் கையாண்ட வழி, வளர்ப்பை வித்தாகவிட்டு, அதனைக் கொதிநிலையை ஒட்டிய வெப்பத்தில் ஓரிரு நிமிடம் சூடாக்குவது. வித்தாகாத உயிரணுக்கள் அவ்வெப்பத்தில் மடியும். வித்துக்கள் மட்டும் பிழைக்கும். அவற்றை முளைக்கவிட்டு வளர்த்து, மீண்டும் வித்தாக்கி, மீண்டும் சூடாக்குவர். நல்ல இனத்தைத் தேர்ந்தெடுக்க இச்செயலைப் பன்முறை திரும்பச் செய்தனர். பொற்கொல்லன் பொன்னைத் தீயிலிட்டு மாசு நீக்குவது போன்றது இது.

இதில் வியப்பு யாதெனில், ஆலைக்கு வேண்டியது வித்து அன்று, கரைப்பானே. வெப்பமோ கரைப்பான் ஆக்கும் திறத்தைச் சோதிப்பதில்லை. வித்தாகும் திறத்தையே சோதிக்கிறது. அங்ஙனமாகவும், வித்தாகும் திறம் காக்கப்பட்டபோது கரைப்பானும் காக்கப்பட்டது. இரண்டுக்கும் இடையே ஏதோ ஓர் உறவு இருத்தல் வேண்டும். அவ்வுறவு இன்னதென்று தெளிய எழுபது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று.

கோட்டிங்கனில் கண்ட புதுமை

இரண்டாம் உலகப்போருக்குப் பின் பெட்ரோலியத்திலிருந்து கரைப்பான்களை மலிவாக ஆக்கத் தொடங்கவே, பாக்டீரியா ஆலைகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. 1970-களில் எண்ணெய் விலை ஏறியபோது இம்முறை மீண்டும் ஆய்வாளர் கருத்தைக் கவர்ந்தது. செர்மனியின் கோட்டிங்கன் பல்கலைக்கழகத்தில் கெர்ஹார்டு கோட்சால்க் குழுவினர், இந்தப் பாக்டீரியாவைத் தொடர்வளர்ப்பில் வளர்க்க முனைந்தனர். ஊட்டநீரில் பாஸ்பேட் என்னும் உப்பை மட்டும் குறைவாக வைத்து வளர்த்தபோது, நெடுநாள் கரைப்பான் தடையின்றிக் கிடைத்தது.

1984-இல் அக்குழுவினர் புதுமை ஒன்றை வெளியிட்டனர். பாஸ்பேட் குறைந்த தொடர்வளர்ப்பில், வித்தாகும் ஆற்றலை இழந்த ஓரினம் மேலோங்கி நின்றது. ஆனால் அது கரைப்பான் ஆக்கும் ஆற்றலை இழக்கவில்லை. வித்தும் கரைப்பானும் பிரிக்க முடியாத இரட்டையர் என்று கருதப்பட்டிருந்த நிலையில், ஒன்று போக மற்றொன்று நின்றது. கரைப்பான் மட்டுமே வேண்டிய ஆலைக்கு இது நற்செய்திதான்; வித்தாகப் புறப்பட்டு வீணாகும் உயிரணுக்கள் அங்கே இல்லை. அதே இழப்பு ஓரிடத்தில் கேடாகவும் ஓரிடத்தில் நன்மையாகவும் அமைந்தது எவ்வாறு?

தலைமதகும் கிளைவாய்க்காலும்

விடை மரபணுக்களின் அமைப்பில் இருந்தது. ஏரியின் தலைமதகு அடைபட்டால் எல்லா வயல்களும் காயும். ஒரு கிளைவாய்க்கால் தூர்ந்தால் அதனைச் சார்ந்த வயல் மட்டுமே காயும். வித்தாக்கத்திற்கும் அத்தகைய தலைமதகு உண்டு. ஸ்போ-சுழி-ஏ என வழங்கும் மரபணு ஆக்கும் புரதமே அது. உயிரணு உணவுக்குறைவை உணர்ந்ததும் இப்புரதத்தோடு பாஸ்பேட் இணைகிறது. உடனே அது வித்தாக்கத்திற்கு வேண்டிய மற்ற மரபணுக்களை இயக்கத் தொடங்குகிறது. கிளாஸ்டிரிடியத்தில் இதே புரதம் கரைப்பான் ஆக்கும் மரபணுக்களையும் தூண்டுகிறது என்பதை 2000, 2002 ஆம் ஆண்டுகளில் வெளிவந்த ஆய்வுகள் காட்டின. எனவே, இம்மரபணு பழுதானால் வித்தும் இல்லை. கரைப்பானும் மிகக் குன்றும். அதற்குக் கீழே, வித்தாக்கத்திற்கு மட்டும் உரிய மரபணு ஒன்று பழுதானால், வித்து மட்டும் இல்லாது போகும், கரைப்பான் நிற்கும்.

இன்னொரு வழியும் 1997-இல் தெரியவந்தது. கரைப்பான் ஆக்குதற்குரிய முதன்மையான மரபணுக்கள் இந்தப் பாக்டீரியாவின் பெரிய நிறப்புரியில் இல்லை. பிளாஸ்மிட் எனப்படும் தனி வளையம் ஒன்றிலேயே அவை உள்ளன. 2001-இல் வெளிவந்த முழு மரபுத்தொகுதியின்படி, நிறப்புரியில் ஏறத்தாழ 39 லட்சத்து 40 ஆயிரம் எழுத்துக்களும், அவ்வளையத்தில் ஏறத்தாழ 1 லட்சத்து 92 ஆயிரம் எழுத்துக்களும் உள. உயிரணு பிளவுபடும்போது இவ்வளையம் ஒரு சேய்க்குச் சேராது போதல் உண்டு. வளையத்தை இழந்த இனங்கள் கரைப்பான் ஆக்குவதில்லை; வித்தும் ஆக்குவதில்லை. ஓரெழுத்துப் பிழை என்றால், அரிதாகவேனும் அது தானே திருந்தக் கூடும். வளையமே போனபின் திரும்ப வழியில்லை. ஏட்டில் ஓர் எழுத்துச் சிதைவதற்கும் ஏடே தொலைவதற்கும் உள்ள வேற்றுமை இது.

வைஸ்மானின் வெப்பம் கரைப்பானையும் காத்தது ஏன் என்பது இப்போது விளங்கும். தலைமதகு பழுதானவையும், வளையத்தை இழந்தவையும் வித்தாக மாட்டா. ஆதலால் அவ்விருவகையும் வெப்பத்தில் மடிந்தன.

தலைமதகு பழுதாவதே தொடர்வளர்ப்பில் மிகுதியும் எதிர்பார்க்கத் தக்கது. வித்தாக்கத்தின் கடைசிப் படியில், மேலுறை போர்த்தும் மரபணு ஒன்று பழுதான உயிரணுவுக்கு ஆதாயம் எதுவும் இல்லை. அதுவும் வித்தாகப் புறப்பட்டு, பிளவுபடாமல் நின்று, வடிந்தே போகும். புறப்படாமலே இருந்துவிடும் உயிரணுவுக்குத்தான் ஆதாயம். ஆந்த்ராக்சுக் கிருமியை ஆய்வுக்கூடத்தில் திரும்பத் திரும்ப வளர்த்தபோது தோன்றிய வித்தாகா இனங்களை ஆராய்ந்தோர், 2010-இல் வெளியிட்ட கட்டுரையில், பழுது ஸ்போ-சுழி-ஏ மரபணுவில் இருந்ததைக் குறித்துள்ளனர்.

காவலின்மையால் நேரும் இழப்பு

ஆதாயம் கருதிய போட்டி ஒன்றே இழப்பிற்குக் காரணம் என்று முடித்துவிடலாகாது. போட்டியே இல்லாவிடினும் ஆற்றல் அழியலாம். ஆளில்லாத வீட்டைப் பகைவர் யாரும் இடிக்க வேண்டுவதில்லை. ஓடு நழுவியதைப் பார்த்துச் செப்பனிடுவார் இல்லையேல் மழையே அதனைக் கரைத்துவிடும். வித்தாக்கத்திற்குரிய மரபணுக்கள் சில நூறு. அவற்றுள் எதில் பிழை நேர்ந்தாலும், பஞ்சம் வரும் உலகில் அப்பிழை உடைய உயிரணு மடிந்து, பிழையும் உடன் மறையும். பஞ்சம் வாராத கலத்திலோ பிழையைத் தண்டிப்பார் இல்லை. பிழைகள் தலைமுறை தலைமுறையாகச் சேர்ந்துகொண்டே போகும்.

இவ்விரண்டு காரணங்களுள் எது வலியது? அமெரிக்க ஆய்வாளர் சிலர் பாசில்லஸ் சப்டிலிஸைக் கொண்டு இதனை ஆராய்ந்தனர். அவர்கள் கையாண்டது தொடர்வளர்ப்பு அன்று. சத்து மிகுந்த ஊட்டநீரில் வளர்த்து, அடுத்தடுத்துப் புதிய குடுவைக்கு மாற்றும் முறை. 6,000 தலைமுறைகள் இவ்வாறு வளர்ந்த ஐந்து கூட்டங்களில் வித்தாகும் ஆற்றல் அழிந்தது. 2007-இல் வெளியான கணக்கீட்டின்படி, நான்கு கூட்டங்களின் இழப்பை விளக்கப் பிழைகள் சேர்ந்தமை ஒன்றே போதுமானது. போட்டியின் ஆதாயம் இழப்பை விரைவுபடுத்தியதற்குச் சான்று ஒரே ஒரு கூட்டத்தில்தான் கிடைத்தது. வயிறு நிறைந்த குடுவையில் வித்தாகப் புறப்படுவோர் சிலரே. ஆதலின் புறப்படாதவர்க்கு ஆதாயமும் சிறிது. அரைவயிற்றுத் தொடர்வளர்ப்பில் புறப்படுவோர் பலராகலாம். அங்கே போட்டியின் கை ஓங்கும். ஒரே இழப்பு, இடத்திற்கேற்ப வேறு வேறு காரணத்தால் நேரக்கூடும் என்பது இதனால் பெறப்படும்.

காக்கும் முறை

இவ்வறிவு ஏட்டளவில் நின்றுவிடவில்லை. மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் டெங்கி பரப்பும் ஏடிஸ் கொசுவின் புழுக்களை ஒழிக்க, பி.டி.ஐ. எனச் சுருக்கி வழங்கும் பாக்டீரியா மருந்து பயன்படுகிறது. 1976-இல் இஸ்ரேலின் நெகேவ் பாலைநிலத்தில் எடுக்கப்பட்ட பாசில்லஸ் துரிஞ்சியென்சிஸ் வகை அது. கொசுப்புழுவைக் கொல்லும் நச்சுப்படிகத்தை அந்தப் பாக்டீரியா வித்தாகும் வேளையிலேயே ஆக்குகிறது. உணவு தீர்ந்து பஞ்சம் வரவேண்டும். அப்போதுதான் மருந்து விளையும். ஆகவே, இடைவிடாமல் உணவூட்டும் முறை இதற்குப் பொருந்தாது. ஒவ்வொரு கலத்தையும் தனித்தனியே வளர்த்து, உணவு தீரும்வரை காத்திருந்து அறுவடை செய்வதே பொருத்தமானது.

வித்தாகும் இனங்களைப் பேணுவோர் கைக்கொள்ளும் நெறிகள் சிலவே. மூலவளர்ப்பை வளரும் நிலையில் வைத்துத் திரும்பத் திரும்ப மாற்றக்கூடாது. வித்தாக்கி, தூய்மையாக்கிய உலர்மண்ணிலோ மணலிலோ கலந்தோ, உறையவைத்து உலர்த்தியோ வைத்தல் வேண்டும். புதுவளர்ப்பு தொடங்குந்தோறும் அம்மூலத்திலிருந்தே எடுக்க வேண்டும்; நேற்றைய கலத்திலிருந்து இன்றைய கலத்திற்கும், இன்றைய கலத்திலிருந்து நாளைய கலத்திற்கும் என்று சங்கிலி நீளவிடலாகாது. தொடங்கும்முன் அந்தந்த இனம் தாங்கும் அளவுக்குச் சூடாக்கி, வித்தாகாதவற்றை நீக்கிவிட வேண்டும். தொடர்வளர்ப்பே வேண்டுமாயின், அவ்வப்போது சிறிது எடுத்துச் சூடாக்கி, பிழைப்பவை எத்தனை என்று எண்ணிவர வேண்டும். கலங்கல் குறையவில்லையே என்று பார்த்து அமைந்திருத்தல் தகாது. எண்ணிக்கை குறைவது தெரிந்தால், மூலவித்திலிருந்து புதிதாகத் தொடங்குவதே வழி.

இயற்கையிலும் இதே கணக்கு நடந்திருக்கிறது. வித்தாகும் பாசில்லஸ் இனத்திற்கு உறவான ஸ்டாஃபிலோகாக்கஸ், லிஸ்டீரியா போன்றவை வித்தாவதில்லை. அவற்றின் முன்னோர் வித்தாகும் ஆற்றல் உடையனவாக இருந்து, பின்னர் அதனை இழந்திருத்தல் வேண்டும் என்பது உயிர்நூலார் பலர் கருத்து. மனிதர் தோலிலும் விலங்கின் குடலிலும் வாழும் உயிர்க்கு, வெறும் மண்ணில் கிடக்கும் உயிர்க்கு நேரும் பஞ்சம் அடிக்கடி நேர்வதில்லை. இழந்தமையால் அவை அழிந்துவிடவில்லை. தம் இடத்தில் செழித்தே வாழ்கின்றன. இழப்பு தாழ்வு என்று இயற்கை கருதுவதில்லை. அவ்வவ்விடத்தில் எது சோதிக்கப்படுகிறதோ அது நிற்கிறது. சோதிக்கப்படாதது நிற்பதற்கு உறுதி இல்லை.

ஆலைக்கலம் ஒன்றனுள் தொண்ணூறு நாள் உணவுண்டு வளர்ந்த கூட்டம், ஒரே இரவு உணவு நின்றால் விடியுமுன் அழியத் தொடங்கலாம். அதன் மூதாதையின் வித்தோ, ஒரு சிறு குப்பியில் உலர்ந்த மண்ணோடு, உணவும் நீருமின்றிப் பல ஆண்டு கிடந்து, ஊட்டநீர் பட்ட சில மணிகளில் முளைத்தெழும். இரண்டும் ஒரே குலத்தைச் சேர்ந்தவை. ஒன்று தீயைக் கடந்து வந்தது. மற்றொன்று தீயையே காணாதது.